கமிஷன் அம்மாவின் பாதிச் சாவி

கமிஷன் அம்மாவை யாரும் நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால், இந்தப் பெயரை வைத்தது யார், எப்போது வைத்தார்கள், இதுவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று மூன்று மணி நேரத்துக்கு விசாரணை நடக்கும். அந்தப் பயத்தில்தான் குடியிருப்பின் நாற்பது வீட்டுக்காரர்களும் அந்தப் பெயரை அவள் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் போடுகிற விசாரணைக் கமிஷனின் அறிக்கை வர வருஷக்கணக்காகும். இந்த அம்மாவின் அறிக்கை அன்று சாயங்காலமே வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காவது மாடிக்கு லிஃப்ட் போய்ச் சேர்வதற்குள், பார்சல் கொண்டுவந்தவருக்கு எத்தனை குழந்தைகள், மூத்தது என்ன படிக்கிறது, இளையதற்கு ஏன் சளி விடவே மாட்டேன் என்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். அவள் கணவர் முப்பது வருஷத்தில் நன்றாகப் பழகியிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, “பால் வாங்கினேன், கடையில கூட்டம், எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன், இருமல் குறையலையாம், வேற யாரையும் பார்க்கலை” என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார். கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டால் காபி சீக்கிரம் கிடைக்கும் என்பது அவர் கண்ட அனுபவம்.

இப்படிப்பட்டவளுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். யார் எங்கே போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

ரோட்டில் ஓடுகிற வண்டிகள் இப்போதெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நம்மைப் போல வம்பு பேசுவதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் வருகிறேன், இதோ பிரேக் போடுகிறேன்’ என்று நொடிக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டே போகும். பின்னால் வருகிற வண்டி அதைக் கேட்டு, ஓட்டுகிறவர் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரோட்டோரக் கம்பங்களில் பொருத்தியிருக்கும் பெட்டிகளும் அதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு தொல்லை. எவனாவது ஒருவன் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, இல்லாத வண்டியின் குரலில் ‘பிரேக், பிரேக்’ என்று கத்தினால் ரோடே திணறிப் போகும். அதனால் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு முத்திரை வேண்டும். ஆனால் முத்திரையில் சொந்தக்காரர் பெயர் இருந்தால், இன்னார் எந்த டாக்டரிடம் போனார், எந்த வக்கீலைப் பார்த்தார், யார் வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டுத் தற்காலிகப் பெயர்கள் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெயர் என்று வண்டி மாற்றிக்கொண்டே போகும். இது நிஜமான வண்டிதான் என்பது தெரியும், யாருடைய வண்டி என்பது தெரியாது.

அந்தப் பெயர்க் கட்டுகளைத் தருகிற அலுவலகத்தில் இரண்டு பிரிவுகள். எந்த வண்டிக்கு எந்தக் கோப்பு எண் என்பது மூன்றாம் மாடிக்குத் தெரியும். எந்தக் கோப்பு எண்ணுக்கு எந்தப் பெயர்கள் என்பது தரைத்தளத்துக்குத் தெரியும். இருவருக்கும் ஆளுக்குப் பாதிச் சாவி. இரண்டும் சேர்ந்தால் எந்த வண்டியையும் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சேரக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் ஒரே சட்டம். சாப்பாட்டு அறையில்கூட இரண்டு பிரிவுக்கும் தனித்தனி மேசை போட்டிருந்தார்கள்.

தரைத்தளத்துப் பாதியின் பொறுப்பு கமிஷன் அம்மாவிடம் இருந்தது. வெளியே அத்தனை பேர் வாயையும் கிண்டுகிறவள், அலுவலகத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை. மூன்றாம் மாடிப் பாதியை வைத்திருந்தவர் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொள்கிற மனிதர். பதினோரு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது, “வணக்கம்”, “மழை வரும் போல இருக்கு” ஆகிய இரண்டு வாக்கியங்கள்தான்.

அதற்கப்புறம்தான் விபரீதம் நடந்தது. அலுவலக ஆண்டு விழாவில் பெற்றோர்கள் சட்டப்படி தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் பையனும் அவர் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் கல்யாணம். மேலிடம் ஆடிப்போய் இருவரிடமும் உறுதிமொழி எழுதி வாங்கியது. சம்பந்தம் வாசலோடு சரி, உள்ளே வந்தால் மழை வருமா வராதா என்பது மட்டும்தான்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தனிக்குடித்தனம் போயிருந்த பையனிடமிருந்து பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“அம்மா, காலைல ஒரு சின்னச் சண்டை. ஒன்பது மணிக்குக் காரை எடுத்துக்கிட்டுப் போனா. இன்னும் வரலை. போன் ஆஃப்ல இருக்கு. மாமாவைக் கேட்டேன், அங்கயும் போகலையாம்.”

“என்னடா சண்டை?”

“சும்மாதான்.”

“சும்மான்னா?”

“சும்மாதாம்மா” என்று வைத்துவிட்டான். கமிஷன் அம்மாவிடம் இரண்டு கேள்வியோடு தப்பித்த முதல் ஆள் அவன்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகள் போகக்கூடிய இடங்களிலெல்லாம் விசாரித்து, அவள் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பலனில்லை. சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“குடையை ஆபீஸ்ல விட்டுட்டேன். எடுத்துக்கிட்டு வரேன்” என்றாள் கணவரிடம். வெளியே வெயில் கொளுத்தியது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கணவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

சனிக்கிழமையில் அலுவலக லிஃப்ட் ஓடாது. தரைத்தளத்தில் தன் அறைக்குள் போகாமல், நேராகப் படியேறத் தொடங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்டது. மூன்றாம் மாடிக்காரர். கழுத்துப் பொத்தான் போடாமல் வந்திருந்தார்.

இருவரும் திருடன் திருடனைப் பார்த்த மாதிரி நின்றார்கள்.

“குடையை விட்டுட்டேன்” என்றாள் அவள்.

“செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்” என்றார் அவர். மூன்றாம் மாடியில் இருந்த ஒரே செடி பிளாஸ்டிக்.

அவர் வலது கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. முகமெல்லாம் வேர்வை.

“அண்ணா, நெஞ்சு வலிக்குதா? உட்காருங்க, உட்காருங்க.”

“நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று படியில் உட்கார்ந்தார். பையை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிறகு குரல் இறங்கிப்போய், “எழுதி எடுத்துக்கிட்டு வந்துட்டேன், சம்பந்தியம்மா” என்றார்.

என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பெண்ணின் வண்டியுடைய கோப்பு எண். அதை வாங்கத்தான் அவளும் ஏறிக்கொண்டிருந்தாள். அவளிடம் அந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும், கீழே போய் இரண்டு நிமிடத்தில் பெயர்களை எடுத்துவிடலாம். அந்தப் பெயர்களைக் கடைசியாகக் கேட்ட பெட்டி எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்பது அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். திங்கட்கிழமை இருவருக்கும் வேலை போகலாம். அந்த நேரத்தில் இருவருக்கும் அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஆனாலும் இத்தனை வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சுலபமாக விடுமா? “சிவப்புப் படிவம் இருக்கே, அண்ணா” என்றாள். “முறைப்படி எழுதிக் கொடுத்துடலாமே. சாவியைத் திருடின மாதிரி இருக்காது.”

உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு பாதியையும் சேர்க்க ஒரு வழி உண்டு. படிவத்தை நிரப்பி அனுப்பினால், அன்றைக்கு முறையில் இருக்கிற நீதிபதி பார்த்து அரைமணியில் உத்தரவு கொடுப்பார். கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். எப்போதும் ஒன்று வைத்திருப்பாள். அவர் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அவரையே எழுதச் சொன்னாள். பெயர், முகவரி, வண்டியின் நிறம் எல்லாம் மளமளவென்று நிரம்பியது. ஆறாவது கட்டத்தில் பேனா நின்றது. ‘உயிருக்கு ஆபத்து என்று கருதக் காரணம்.’

“என்னன்னு எழுதறது?”

“சண்டைன்னு எழுதுங்க.”

“என்ன சண்டைன்னு கேப்பாங்களே.”

அதுதானே. நீதிபதி கேட்பார். இவள் விடாமல் கேட்டிருக்க வேண்டியது. பையனைக் கூப்பிட்டு, சம்பந்திக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னடா சண்டை? மாமாவும் பக்கத்துல இருக்கார். கட்டத்துல எழுதணும், சொல்லு.”

மென்று விழுங்கிக்கொண்டு வந்தது பேச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எங்கேயோ போகிறாளாம். கேட்டால், எனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டும் என்கிறாளாம். நேற்று ராத்திரி, கார் போகிற இடத்தைக் காட்டிக்கொடுக்க, சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன டிராக்கர் வைத்தானாம், தீப்பெட்டி அளவுக்கு. இன்று காலையில் எதையோ தேடிக் குனிந்தவள் கையில் அது தட்டுப்பட்டது. கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டாள்.

சம்பந்தி பேனாவை மூடினார்.

“ஏண்டா இப்படிப் பண்ணே?” என்றாள் கமிஷன் அம்மா.

“நீ என்னைக் கேக்கலியாம்மா? எங்க போனே, யாரோட போனேன்னு. பையைத் துழாவுவே, ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் போன் போடுவே. கேட்டா அக்கறைன்னு சொல்லுவே. நானும் அக்கறையிலதான் வச்சேன்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சம்பந்தி எதிரே இப்படி ஒரு பேச்சைக் கேட்க நேர்ந்ததே என்பது ஒரு பக்கம். அவன் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லையே என்பது அதைவிடப் பெரிய வேதனை. ஊரார் போகிற வழியையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றுகிறவள், தன் பிள்ளை பள்ளிக்கூடப் பையை வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். அது தப்பு என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. போனை வைத்தாள்.

மூன்றாம் மாடிக்காரர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து நீட்டினார்.

“படிவம் வேண்டாம். அதுல எழுதற காரணம் எதுவும் நம்மகிட்ட இல்லை. இந்தாங்க, பிடிங்க. என் பொண்ணு எங்கயோ தனியா அழுதுக்கிட்டிருப்பா. எனக்கு அவளைப் பார்க்கணும்.”

பெற்றவர் கேட்கிறார். அவளுக்கும் பார்க்கத்தான் வேண்டும். இன்னும் சொன்னால், சனிக்கிழமை சனிக்கிழமை எங்கே போகிறாள் என்ற கேள்வி, இந்த நிலைமையிலும், அவள் மண்டைக்குள் ஒரு ஓரமாகக் குடைந்துகொண்டுதான் இருந்தது. சீட்டைப் பார்த்தாள். ஒரு மடிப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருந்தது. கை பாதிவரை போய்விட்டது.

“வேண்டாம் அண்ணா” என்றாள்.

“ஏன்?”

“சீட்டுக்கு அடியில ஒரே ஒரு பெட்டி வச்சதுக்கு வீட்டை விட்டுப் போயிருக்கா. ஊர்ல இருக்கிற அத்தனை பெட்டியையும் வச்சு நாம தேடினா, அப்புறம் அவ எங்க போவா?”

அவர் சீட்டை எட்டாகக் கிழித்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் பார்த்தார். படிக்கட்டில் குப்பை போடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எட்டுத் துண்டையும் திரும்பத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

மூன்று மணிவரை காத்திருப்பது, அதற்குள் தகவல் இல்லையென்றால் போலீசில் சொல்லி முறைப்படி போவது என்று முடிவானது. இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம்தான். இருவருக்குமே மற்றவரை இந்தக் கட்டடத்தில் தனியே விட்டுப் போக அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.

ஒன்றேகால் மணிக்கு அவள் போன் அடித்தது. மருமகள்.

“அத்தை, நான்தான். அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரும்மா. நல்லா இருக்கியா?”

“இருக்கேன். ஆபீஸ்லதானே இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“ஆபீஸ்லதான். படிக்கட்டுல.”

“படிக்கட்டுலயா?” கார் விளக்கு விட்டு விட்டு எரிகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. “ரெண்டு மணி நேரமா ஒரு கம்பத்துக்கு நேர் கீழே வண்டிய நிறுத்தி வச்சிருக்கேன், அத்தை. பெட்டி இருக்கிற கம்பம். வண்டிய ஆஃப் பண்ணலை. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீங்களும் அப்பாவும் ஒண்ணா உட்கார்ந்தா ரெண்டு நிமிஷம்தான் ஆகும்னு எனக்குத் தெரியாதா? யாராவது வந்து இறங்குறீங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“வந்திருந்தா?”

“திரும்பியே வந்திருக்க மாட்டேன். அந்த வீட்டுக்கும் சரி, அப்பா வீட்டுக்கும் சரி.”

நாங்கள் தேடவே நினைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல மாமியார் என்று ஆயுசுக்கும் பெயர் நின்றுவிடும். எதிரே சம்பந்தி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்மா” என்றாள். “தேடத்தான் வந்தோம். உங்கப்பா நம்பரை எழுதி எடுத்துக்கிட்டு கீழே இறங்கினார். நான் அதை வாங்கிக்க மேலே ஏறினேன். நடுவுல நின்னுட்டோம்.”

“ஏன் நின்னீங்க?”

“அவன் பண்ணினதைச் சொன்னான். அவனுக்கு அதைக் கத்துக்கொடுத்ததே நான்தான்னும் சொன்னான். அதுக்கப்புறம் கை வரலைம்மா.”

மறுபடி அந்த டிக் டிக். அது நின்றது. வண்டியை அணைத்துவிட்டாள் போலிருந்தது.

“அத்தை, நான் எங்க இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“கேக்க மாட்டேன்” என்றாள் கமிஷன் அம்மா. வாழ்நாளில் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே பிரசவ வேதனையோடு வந்தவை அவைதான் என்று சொல்ல வேண்டும்.

மருமகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, இருக்கிற இடத்தைச் சொன்னாள். சனிக்கிழமைகளில் அங்கே ஏன் போகிறாள் என்பதையும் சொன்னாள். “நீங்க மட்டும் வாங்க. இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை. உங்ககிட்ட பேசணும்.”

போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“எங்க இருக்காளாம்?” என்று மூன்றாம் மாடிக்காரரும் எழுந்தார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். பெற்ற தகப்பனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

“நல்லா இருக்கா, அண்ணா. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். இடத்தை மட்டும் என்னைக் கேக்காதீங்க. என்னை நம்பிச் சொல்லியிருக்கா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போற வழியில சாப்பிட ஏதாவது வாங்கிட்டுப் போங்க. அவ பசி தாங்க மாட்டா” என்றார்.

வெளி வாசலைத் தாண்டும்போது பையன் கூப்பிட்டான்.

“அம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?”

“பேசினா. நல்லா இருக்கா.”

“எங்க இருக்கா? யாரோட இருக்கா? எப்ப வருவாளாம்?”

ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, மூச்சு விடாமல். அவள் கேட்கிற அதே வரிசை, அதே குரல். வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள்.

“உனக்குத் தெரியுமா, தெரியாதா?” என்றான் பையன்.

“தெரியும்டா. சொல்ல மாட்டேன்” என்றாள். “அவ வந்தாலும் வருவா, வராமலும் போவா. வந்தா, எங்க போனேன்னு கேக்காதே. சாப்பிட்டியான்னு கேளு.”